ஒரு பெரம்பூர் வீட்டுக் கணினி: பெட்டியோடு போகும் செலவும் கூடவே வரும் செலவும்

வீடு சென்னை பெரம்பூரில், ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கம். கணினி 2012-ல் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3-2120 பிராசசர், எச்61 சிப்செட் போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 18.5 அங்குல மானிட்டர். இத்தனை வருடத்தில் அதில் மாற்றியவை ஒரு எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி), சில கீபோர்டுகள், கணக்கில்லாத மௌஸ்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது சிபியூவைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டார்கள். தரையில் இருந்த யுபிஎஸ்ஸை மறந்துவிட்டார்கள், அதனால் யுபிஎஸ் மட்டும் புதுசு.

பயன்படுத்துபவர்கள் மூன்று பேர். வீட்டுப் பெரியவர் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலரை வருடா வருடம் அவரே தட்டச்சு செய்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்குக் கொடுக்கிறார். மருமகள் ஒரு மருந்துக் கடைக்குப் பகுதிநேரமாகக் கணக்குப் பார்க்கிறார். ஜிஎஸ்டி தளமும் நெட்பேங்கிங்கும் அவருக்குத் தினமும் வேண்டும். பேரன் பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இந்த வருடம் சி++, அடுத்த வருடம் பைத்தான். மாலையில் வீடியோ பாடங்கள். இவர்களைத் தவிர மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஒருவர். கணினியைத் தொடுவதில்லை, பணம் அனுப்புபவர் அவர்தான்.

அவர்தான் எனக்கு போன் செய்தார். 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம். அந்த வாரம்தான், அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஊரெல்லாம் இதே பேச்சு. "ரிப்பேர் பண்றதா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க ப்ரோ" என்றார். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. வீடு வீடாகப் போய் கணினி சர்வீஸ் செய்கிறவன் நான். அந்த அக்டோபருக்குப் பிறகு இதே கேள்வியோடுதான் பாதி அழைப்புகள் வருகின்றன.

மூன்று பேர், மூன்று புகார்

பெரியவரின் புகார்: ஆன் செய்தால் ஐந்து நிமிடம். "பட்டனை அழுத்திட்டுப் போய்க் குளிச்சிட்டு வரேன் தம்பி, அப்பவும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு." மருமகளின் புகார்: காலையில் எந்த இணையதளமும் திறப்பதில்லை, பேங்க் சைட் பாதுகாப்பில்லை என்று சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது, மதியத்துக்குமேல் தானாகச் சரியாகிவிடுகிறது. பேரனின் புகார்: வீடியோ ஸ்டக் ஆகிறது. வைஃபை சரியில்லை என்று ரவுட்டரையே ஒருமுறை மாற்றிவிட்டார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்து "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்று வீட்டில் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு பாகம். ஒன்று முப்பது ரூபாய் சமாசாரம், ஒன்று அவசரம், ஒன்றுக்கு அந்தப் பெட்டியில் மருந்தே இல்லை.

முப்பது ரூபாயை முதலில் முடித்துவிடலாம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, மூன்று வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் மணியையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது. பெரியவர் சிக்கனக்காரர். ராத்திரி சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவார். காலையில் கணினி எழும்போது அதன் நினைப்பில் அன்றைய தேதி 2012 ஜனவரி. பேங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழோ 2025-ல் கொடுத்தது. பதின்மூன்று வருடம் கழித்துச் செல்லுபடியாகப் போகிற சான்றிதழை பிரௌசர் எப்படி ஏற்கும்? மதியத்துக்குள் விண்டோஸ் இணையத்தில் மணியைச் சரிபார்த்துக்கொள்ளும், எல்லாம் திறக்கும். ஒரு மாதமாக அந்த அம்மா கஸ்டமர் கேருக்கு போன் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பேட்டரி மாற்றியதும் சண்டை தீர்ந்தது.

ஹார்ட் டிஸ்க் விஷயம் அப்படியில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது, பிராசசர் சும்மா இருந்தது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டினேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்ன இடங்கள், ஏற்கெனவே நிறைய. இன்னும் படிக்கவே முடியாமல் நிலுவையில் நிற்பவையும் இருந்தன. நிலுவை எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் நான் மற்ற எதைப் பற்றியும் பேசுவதில்லை. மாற்றுவதா வேண்டாமா என்பதெல்லாம் பிறகு, அந்த டிஸ்க்கில் இருப்பதை வெளியே எடுப்பது முதலில்.

"இதுல என்ன சார் இருக்கு?"

"பெருசா ஒண்ணுமில்ல தம்பி. மலர் ஃபைல், வீட்டுப் பத்திரம் ஸ்கேன், கல்யாண போட்டோ, சீமந்த போட்டோ, இவன் பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ."

பெரிதாக ஒன்றுமில்லையாம்.

கையில் இருந்த எஸ்டிமேட்

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு கடையில் காட்டி எஸ்டிமேட் வாங்கியிருந்தார்கள். எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை, இதே சீட்டைப் பல கடைகளில் எழுதுவார்கள். 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு), ஜெனரல் சர்வீஸ், "விண்டோஸ் 11 போட்டுத் தரப்படும்". மொத்தம் எட்டாயிரத்தைத் தொட்டது.

அந்தச் சீட்டில் எஸ்எஸ்டி சரியான யோசனை. ரேமும் விண்டோஸ் 11-ம் இடித்தன.

ரேமைப் பாருங்கள். கணினியில் 4 ஜிபி இருக்கிறது, ஆனால் விண்டோஸ் காட்டுவது 3.2 சொச்சம். காரணம், அதில் ஓடுவது 32-பிட் விண்டோஸ், 4 ஜிபிக்கு மேல் ரேமை அதால் எட்ட முடியாது. 2012-ல் 32-பிட் விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தார்கள். 2016-ல் இலவச அப்கிரேடு காலத்தில் அதுவே 32-பிட் விண்டோஸ் 10 ஆனது. அதன்மேல் 8 ஜிபி ரேம் போட்டாலும் இதே 3.2 சொச்சம்தான் பயன்படும். 64-பிட்டுக்கு மாற்றினால் ரேம் பயன்படும். ஆனால் பெரியவர் தமிழ் தட்டச்சுக்கு வைத்திருக்கும் சிடி மென்பொருளின் இன்ஸ்டாலர் 16-பிட் காலத்தது, 64-பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. தை மாதத்துக்குள் மலர் வரவேண்டும். கடைக்காரர் இதைக் கேட்கவும் இல்லை, பெரியவருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

விண்டோஸ் 11 கதை வேறு. மைக்ரோசாஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், யூஇஎஃப்ஐ செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான துவக்க முறை. இந்தப் பெட்டியில் இருப்பது இரண்டாம் தலைமுறை, டிபிஎம் சிப் கிடையாது. தகுதிச் சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்யும் குறுக்குவழிகள் இருக்கின்றன, கடைகளில் செய்து கொடுக்கிறார்கள். ஓடும். ஆனால் இப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் வேண்டும் என்பதற்காகத்தானே விண்டோஸ் 10-ஐ விட்டு வெளியே வருகிறோம்? அந்த உத்தரவாதமே இல்லாத இடத்தில் போய் நெட்பேங்கிங்கை வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

மகனின் யோசனை நேர் எதிர்த்திசை. நாற்பத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம் போட்டு ஒரு புது லேப்டாப், விஷயம் முடிந்தது. முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் பெரியவருக்குக் கண் பார்வை மங்கல், அவருக்குப் பெரிய திரையும் அழுந்தித் தட்டும் கீபோர்டும் வேண்டும். லேப்டாப் வந்தால் அது பேரனின் அறைக்குப் போகும். மற்ற இருவரும் கேட்டு வாங்க வேண்டிவரும்.

கணக்கு போட்ட விதம்

இந்த இடத்தில் நான் பிடித்துக்கொள்ளும் கயிறு ஒன்றுதான். பழைய கணினியில் போடும் ஒவ்வொரு ரூபாயையும் பார்த்து, நாளைக்கு இந்தப் பெட்டியைக் கழித்துவிட்டால் இது கழன்று அடுத்த பெட்டிக்கு வருமா என்று கேட்பேன். வரும் என்றால் அது பழைய கணினிக்கான செலவே அல்ல, புதிய கணினிக்கான முன்பணம். வராது என்றால் அந்தச் செலவு பெட்டியோடு போய்விடும், அதில் கை இறுக்கமாக இருக்க வேண்டும்.

சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் மாட்டுவது, கழன்று வரும். வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க், மானிட்டர், யுபிஎஸ், பிரிண்டர், கீபோர்டு எல்லாம் வரும். டிடிஆர்3 ரேம் வராது, இப்போதைய எந்தப் போர்டிலும் அதற்கு இடமில்லை. இந்தப் போர்டுக்கு வாங்கும் வேகமான பிராசசர் வராது. செக்கண்ட் ஹேண்டில் ஐ5, ஐ7 கிடைக்கும், ஆசை காட்டும், ஆனால் அந்த சாக்கெட்டோடு அதன் கதை முடிந்தது. சர்வீஸ் கூலியும் வராது. என் கூலியைத்தான் சொல்கிறேன்.

இப்படிப் பிரித்தபின் கடைச் சீட்டில் எஸ்எஸ்டி தேறியது, ரேம் தேறவில்லை. மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப ரிப்பேர்தான்னு சொல்றீங்களா?" என்றார். இல்லை. மாற்றத்தான் போகிறோம், ஆனால் இன்றைக்கு அவசரமாக வேண்டாம், மலர் முடியட்டும். அதுவரை ஓடுவதற்கு வாங்கும் எதுவும் வீணாகக் கூடாது. அவ்வளவுதான் திட்டம்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போடும் யோசனையையும் மேசையில் வைத்தேன். லினக்ஸ் மின்ட் இந்த ஐ3-ல் நன்றாகவே ஓடும், சி++, பைத்தான் படிக்கிற பையனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கும் பழைய லேசர் பிரிண்டர் பாதி வேலையை விண்டோஸ் டிரைவரிடம் தள்ளிவிடும் ரகம், லினக்ஸில் அதை எழுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பெரியவரின் தட்டச்சு மென்பொருள் அங்கே வராது. மூன்று பேரில் ஒருவருக்காக இருவரைத் துரத்துவதாகிவிடும் என்று விட்டுவிட்டோம். மூன்று பேரில் பையன் மட்டும் இருந்திருந்தால் இந்த ஆய்வே லினக்ஸ் மின்ட்டோடு முடிந்திருக்கும்.

முதல் கட்டம்: தை வரைக்கும்

ஒரு 1 டிபி வெளி டிஸ்க், ஒரு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. இரண்டும் கூட வரும் செலவு.

கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் வழியாக இழுத்து காப்பி செய்யக் கூடாது. கெட்ட செக்டரில் விண்டோஸ் மறுபடி மறுபடி முட்டும், டிஸ்க் சூடாகும், நல்லாயிருக்கும் பகுதியும் போய்விடலாம். பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து பூட் செய்து டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். அது முதல் சுற்றில் தடையில்லாமல் படிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் அவற்றோடு மல்லுக்கட்டும். ராத்திரி விட்டுவிட்டு வந்தேன். பெரியவரிடம் ஒரே நிபந்தனை: இன்றைக்கு மட்டும் சுவிட்ச் போர்டை அணைக்கக் கூடாது.

கிட்டத்தட்ட எல்லாம் வந்தது. பத்திரம் பத்திரம். மலர் கோப்புகள் வந்தன. சீமந்தப் படங்களில் மட்டும் சில, மேல்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி ஒரே சாம்பல் நிறப் பட்டையாகவும் திறந்தன. நலங்கு வைக்கும் ஒரு படத்தில் எல்லோருக்கும் முகம் இருக்கிறது, கை இல்லை. அந்த அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது எங்க நாத்தனார்கிட்ட ஆல்பத்துல இருக்கு, விடுங்கண்ணா" என்றார். எல்லோருக்கும் அப்படி ஒரு நாத்தனார் வாய்ப்பதில்லை.

காப்பாற்றி எடுத்த விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டியில் இறக்கினோம், 32-பிட்டாகவே, தட்டச்சு மென்பொருளோடு. புதிதாக விண்டோஸ் போடுவதுதான் சுத்தம். ஆனால் மலர் வேலை நடுவில் இருக்கும்போது சுத்தம் பார்க்க முடியாது. எச்61 போர்டில் சாட்டா வேகம் இரண்டாம் தலைமுறைதான், நொடிக்கு 300 மெகாபைட்டுக்கு உள்ளேயே நிற்கும், எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. வந்தவரை போதும். ஏனென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் நோய் மொத்த வேகம் அல்ல, அலைச்சல். அது பத்திரப் பதிவு அலுவலக ரெக்கார்டு ரூமில் ஒரே ஆள் ஒவ்வொரு கட்டாகத் தேடி எடுத்து வருவது போன்றது. நொடிக்கு நூறு இடம் போய் வந்தாலே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும். ஐந்து நிமிடம் முக்கால் நிமிடமானது. "குளிக்கக்கூட நேரமில்லாம பண்ணிட்டியே தம்பி" என்றார் பெரியவர்.

பாதுகாப்பு அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்டே ஒரு வருட நீட்டிப்பு வைத்திருந்தது. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ல் இருக்கும் வீட்டுக் கணினிகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்த்து, செட்டிங்ஸை அவர்கள் மேகத்தில் சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமல் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். சம்மதிக்க விருப்பமில்லை என்றால் முப்பது டாலர், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரம். பெரியவருக்கு இதுவரை கணக்கே இல்லை, மருமகள் பெயரில் சேர்த்தோம். பழைய பெட்டிக்கு இப்படி ஒரு வருடம் இரவல் கிடைத்தது. பலர் இதைக் கேள்விப்படாமலேயே அந்த அக்டோபரில் பதறிப்போய்ப் புதுசு வாங்கினார்கள்.

பையனின் வீடியோ மட்டும் அப்படியே இருந்தது. எஸ்எஸ்டி போட்டதும் அதுவும் சரியாகிவிடும் என்று அவன் நம்பியிருந்தான், முகம் விழுந்துவிட்டது. யூடியூப் இப்போது வீடியோவை அனுப்புவது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்க முறைகளில். 2011-ல் வந்த இந்த பிராசசரின் கிராஃபிக்ஸுக்கு அவற்றைப் பிரிக்கும் வன்பொருள் வசதி கிடையாது, அதற்குத் தெரிந்தது எச்.264. எனவே பிரிக்கும் வேலை முழுக்க பிராசசரின் இரண்டு கோர்களின் தலையில் விழுகிறது. 1080பி வைத்தால் திணறுகிறது. ரவுட்டரை மாற்றியதெல்லாம் வீண் என்பது இங்கேதான் தெரியும்: வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியூ 100-ல் நிற்கிறது, கீழே நெட்வொர்க் கோடு அமைதியாகக் கிடக்கிறது. யூடியூபை எச்.264-லேயே அனுப்பச் சொல்லும் ஒரு பிரௌசர் நீட்சியைப் போட்டுக் கொடுத்தேன். பதிவுசெய்த பாடங்கள் ஓடின. நேரலை வகுப்பில் கேமராவும் போட்டு, ஆசிரியர் திரையும் பகிர்ந்தால் மறுபடி திணறல். அதற்கு இந்தப் பெட்டியில் எந்தப் பாகத்தை மாற்றியும் பிரயோஜனமில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்று ஒருவர் சொன்னாராம். பெட்டியோடு போகும் செலவு அது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னது அந்தப் பையனின் வேலைதான், பெட்டியின் வயது அல்ல.

இரண்டாம் கட்டம்: பொங்கலுக்குப் பிறகு

மலர் அச்சுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் ஒரு சனிக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மவுண்ட் ரோடு முனையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்புவதற்குள், "சார் லேப்டாப்பா, சிசிடிவியா, என்ன பாக்குறீங்க?" என்று நாலு பேர் கூடவே நடந்து வருவார்கள். என்ன வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகாதவர்கள் அந்தத் தெருவில் தேவையில்லாததைத்தான் வாங்கித் திரும்புவார்கள்.

எங்களுக்கு வேண்டியது கம்பெனிகள் கழித்த எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப். அதில் இரண்டு வகை. பாதி உயரப் பெட்டி ஒன்று, கையில் அடங்கும் மினி ஒன்று. பெட்டி வகையில் எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் அந்தந்த கம்பெனியின் சொந்த அளவு. எஸ்எம்பிஎஸ் போனால் பொதுவான ஒன்றை வாங்கி மாட்ட முடியாது. மினிக்கு வெளியே லேப்டாப் அடாப்டர்தான், போனால் அந்தத் தெருவிலேயே பத்துக் கடையில் கிடைக்கும். மானிட்டர் பின்னாலேயே மாட்டிவிடலாம், தண்ணீர் வந்தால் தூக்கிக் கட்டிலில் வைக்க வேண்டியதில்லை. ஐ5-8500டி, ஆறு கோர், 35 வாட். இதன் கிராஃபிக்ஸ் விபி9-ஐத் தானே பிரித்துக்கொள்ளும். ஏவி1-ஐப் பிரிக்காது, அது இன்டெல்லில் பதினொன்றாம் தலைமுறையில்தான் வந்தது. ஆறு கோர் இருப்பதால் அது ஒரு குறையாகப் படவில்லை.

புதுப் போர்டு, புது பிராசசர், பழைய கேபினெட் என்ற வழியையும் விலை கேட்டோம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தக் கணக்கு உதைத்தது. ரேமோடு சேர்ந்து வரும் பழைய பெட்டிதான் அந்த நேரத்தில் லாபம். 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டியோடு பதினாறாயிரத்தைந்நூறு சொன்னார்கள், பேசி ஐந்நூறு குறைந்தது.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே சில வேலைகள் செய்தோம். பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் எழும் அடிப்படை செட்டிங்ஸ்) உள்ளே போக முடிகிறதா என்று பார்த்தோம். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் நாளைக்கு ஒரு செட்டிங்கும் மாற்ற முடியாது. முதலில் காட்டிய பெட்டியில் அதுதான் இருந்தது, அதை ஒதுக்கினோம். அடுத்ததில் ஆக்டிவேஷன் பக்கத்தில் விண்டோஸ் உரிமம் சரியாக இருந்தது. அதோடு நிற்காமல் விண்டோஸை முழுதாக ரீசெட் செய்து, இணையத்தோடு இணைத்து, முதலிலிருந்து துவங்கச் சொன்னேன். கடைப்பையன் முனகினான். இது ஏன் என்றால், சில கம்பெனிகள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்து வைத்திருக்கும், கழிக்கும்போது நீக்க மறந்துவிடும். அப்படிப்பட்ட பெட்டி கடையில் நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்து என்றைக்காவது ரீசெட் செய்தால், யாரோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அலுவலக ஐடியைக் கேட்கும். முனகினாலும் செய்து காட்டினான், சுத்தமாகத் திறந்தது.

மினியில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான், 18.5 அங்குல மானிட்டரில் விஜிஏ மட்டும். முந்நூற்றைம்பது ரூபாயில் ஒரு கன்வெர்ட்டர். பழைய பெட்டியில் போட்ட 500 ஜிபி எஸ்எஸ்டி கழன்று வந்து மினியின் இரண்டரை அங்குல இடத்தில் உட்கார்ந்தது. முன்பணம் என்றேனே, அது.

எழுத்துருச் சிக்கல்

எல்லோரும் இத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். இந்த வீட்டில் உண்மையில் நேரம் தின்றது இதற்குப் பிந்தைய வேலை.

பெரியவரின் பழைய மலர்கள் பாமினியிலும், வேறு சில பழைய எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்தவை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு பழக்கத்துக்கு வருமுன் தமிழை இப்படித்தான் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்து வைத்தார்கள். பாமினி இல்லாத கணினியில் அம்மா என்று தட்டச்சு செய்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து துண்டுகளாக நிற்கும். எழுத்துருக் கோப்பை விண்டோஸ் 11-ல் போட்டுவிட்டால் பழைய பக்கம் அழகாகத் திறக்கும், அச்சும் ஆகும். படிப்பதற்கு அது போதும். ஆனால் அந்த சிடி மென்பொருள் இங்கே ஏறாது என்பதால் புதிதாக எழுத வேறு வழி வேண்டும், தேடவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் யுனிகோடு வேண்டும்.

தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள். பெரியவரின் விரல்கள் பழைய டைப்ரைட்டர் விசைமுறையில் ஊறியவை, அது அதில் இருக்கிறது. தமிழ்99 என்ற புது விசைமுறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. பேரன் சொன்னான், "தாத்தா, தமிழ்99 ஈஸி." தாத்தா அவனைப் பார்த்த பார்வையோடு அந்தப் பேச்சு நின்றது. கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர். தமிழ் மட்டும் இருக்கும் பக்கங்கள் நொடியில் மாறின. தமிழுக்கு நடுவே ஆங்கிலம் வரும் இடங்களில்தான் வேடிக்கை: மாற்றிக்கு எல்லாமே பாமினிதான், ஆங்கிலத்தில் அடித்த சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தையும் தமிழாக்கிவிடும். உறுப்பினர் பட்டியலில் இனிஷியல்கள் எல்லாம் உருமாறி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் பழைய அச்சு மலரோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. எந்த எஸ்டிமேட்டிலும் இதற்கு ஒரு வரி இருக்காது. பழைய கணினியை மாற்றும் செலவில் பெரும்பகுதி பல வீடுகளில் இதுதான், ரூபாயில் வராததால் யாரும் எழுதுவதில்லை.

பழைய பெட்டி

சிபியூவுக்குப் பழைய பேப்பர்காரர் எடைக்கு விலை சொன்னார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எச்61 போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் சேர்ந்த செட்டுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. சின்னக் கடைகளின் பில்லிங் கணினிகள் பல இதில்தான் ஓடுகின்றன. ஆயிரத்திருநூறுக்குப் போனது. கேபினெட்டையும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்கச் சொன்னேன். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள்படி மறுசுழற்சி பதிவுபெற்ற இடத்தில்தான் நடக்க வேண்டும். எடைக்குப் போனால் எங்கோ திறந்தவெளியில் வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பார்கள்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் விற்க விடவில்லை. ஆதார், பான், பத்திரம், பென்ஷன் ஆர்டர் எல்லாம் அதில் இருந்தவை. மேலெழுதி அழிக்கலாம் என்றால், படிக்கவே முடியாத செக்டர்களில் எழுதவும் நிச்சயமில்லை. கழற்றி, உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும் தட்டில் டிரில்லைப் போட்டுத் துளைத்தோம். பையனுக்கு அன்றைக்குத்தான் இந்த மொத்த விவகாரத்திலும் உண்மையான சந்தோஷம்.

மொத்தக் கணக்கு, வெளி டிஸ்க், எஸ்எஸ்டி, மினி, கன்வெர்ட்டர், என் கூலி எல்லாம் சேர்த்து, பழைய செட் விற்ற காசைக் கழித்து, மகன் முதலில் நினைத்த லேப்டாப் விலையில் பாதியைச் சற்றே தாண்டியது. பெட்டியோடு போனது அந்த முப்பது ரூபாய் பேட்டரியும் முதல் கட்டக் கூலியும். மின்சாரத்தில் மிச்சம் இருக்கிறது, ஆனால் அதைப் பெரிதாகப் பேச மாட்டேன். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் பத்து யூனிட் குறையலாம். ஏசி ஓடும் கோடையில், கட்டண விகிதம் ஏறும் 500 யூனிட் கோட்டின்மேல் தடுமாறுகிற வீடாக இருந்தால் மட்டும் அது கண்ணில் படும்.

பாக்கி ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில் அடித்த இரண்டு மலர்கள் எந்த எழுத்துருவில் என்று பெரியவருக்கே நினைவில்லை, கன்வெர்ட்டரில் இருக்கும் எந்தப் பட்டியலுக்கும் அவை மசியவில்லை. அச்சுப் பிரதி பத்திரமாக இருக்கிறது. பேரன் அதைப் பார்த்து யுனிகோடில் அடித்துத் தருவதாக ஒப்பந்தம். பக்கத்துக்குப் பத்து ரூபாய் கேட்டான். தாத்தா ஐந்துக்கு மேல் ஏறவில்லை. தமிழ்99-ல் அடித்துக்கொள்ள மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார்.